‘உள்ளூர்’ என்னும் சொல்லும் வெளியேறும் உரிமையும்: பள்ளி – பட்டறைக் கூட்டுக் கற்றல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி மாணவர்களை உள்ளூர்த் தொழிற்கூடங்களுக்கும் கைவினைஞர்களிடமும் அனுப்பித் தொழில் பழகச் செய்யும் ஏற்பாடு, தேசியக் கல்விக் கொள்கை 2020 வழியாக மீண்டும் கல்வி விவாதத்தின் நடுவிடத்திற்கு வந்துள்ளது. தமிழ்நாட்டில் இவ்வேற்பாடு 1953ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் நினைவோடு சேர்த்தே வாசிக்கப்படுகிறது. இக்கட்டுரை அவ்விரு கொள்கைகளின் சொல்லாடலையும், பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் காட்டும் வேலைக் களத்தையும் இணைத்து வாசிக்கிறது. பணிவழிக் கல்வியின் தன்மையைத் தீர்மானிப்பது கற்பிக்கப்படும் தொழில் எது என்பதைக் காட்டிலும், கற்பவர் அக்களத்தை விட்டு வெளியேற முடியுமா என்பதே என இக்கட்டுரை வாதிடுகிறது. கொள்கை ஆவணங்களில் ‘உள்ளூர்’ என்னும் சொல் இக்கேள்வியை மறைக்கும் வகையில் இயங்குவதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பணிவழிக் கல்வி, குலக்கல்வி, உள்ளூர், தொழில் பழகுநர், கூளமாதாரி, தேசியக் கல்விக் கொள்கை 2020

முன்னுரை

ஒரு சிற்றூரின் இருசக்கர வாகனப் பழுதுநீக்கும் பட்டறையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நிற்கிறான் எனக் கொள்வோம். அவன் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிறான். கழற்றிய உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி வைக்கிறான். கடைக்குச் சென்று தேநீர் வாங்கி வருகிறான். பட்டறை உரிமையாளர் ‘பையன் தொழில் பழகுகிறான்’ என்பார். அவன் தாய் ‘வேலைக்குப் போகிறான்’ என்பார். தொழிலாளர் ஆய்வாளரின் பதிவேட்டில் அவன் ‘குழந்தைத் தொழிலாளர்’ ஆவான். அவனே பள்ளியின் ஏற்பாட்டில் சீருடையோடு அங்கு வந்திருந்தால் கல்வித் துறையின் அறிக்கையில் ‘பயிற்சி மாணவர்’ எனக் குறிக்கப்படுவான். செய்யும் செயல் ஒன்றாகவே இருக்க, பெயர் மட்டும் நான்காக மாறுகிறது. இப்பெயர் மாற்றங்களுக்குப் பின்னுள்ள அளவுகோல் யாது என்பதே இக்கட்டுரையின் தொடக்க வினா.

தமிழ்ச் சூழலில் இவ்வினா கல்வியியலுக்கு மட்டும் உரியதன்று. தொழில், சாதி, பள்ளி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வரலாறு இங்கு உண்டு. அவ்வரலாற்றை நவீன இலக்கியம் நுட்பமாகப் பதிவு செய்துள்ளது. ஆதலின் கொள்கை ஆவணத்தை ஒரு பனுவலாகவும் புனைவை ஒரு சான்றாகவும் ஒருசேர வைத்து நோக்குவது பயனுடையது. கொள்கையின் ஒவ்வொரு வரியையும் விளக்குவதோ நாவலை முழுமையாக மதிப்பிடுவதோ இங்கு நோக்கமன்று. இரண்டும் சந்திக்கும் ஒரு புள்ளி மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1953: பள்ளிக்கு வெளியே வைக்கப்பட்ட பாடம்

இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953 ஜூனில் சென்னை மாநிலத்தின் ஊரகப் பகுதிகளில் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஐந்து மணி நேரப் பள்ளி நாள் மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மாணவர்கள் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டனர். பள்ளியில் இல்லாத நேரத்தில் சிறுவர்கள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். கைத்தொழில் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் ஊரிலுள்ள பிற கைவினைஞர்களிடம் சேர்க்கப்பட வேண்டும். சிறுமியர் தாயிடம் இல்லப் பணிகளைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதனை எதிர்த்த பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இட்ட ‘குலக்கல்வி’ என்னும் பெயரே வரலாற்றில் நிலைத்தது. சட்டமன்றத்தில் கடும் விவாதத்திற்குப் பின் திட்டம் வல்லுநர் ஆய்வுக்கு விடப்பட்டது. ஆர். வி. பாருலேகர் தலைமையிலான குழு திட்டத்தின் அடிப்படையை ஏற்றது. ஆயினும் எதிர்ப்பு தணியவில்லை. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இத்திட்டத்தைக் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியோடு இணைத்துப் பேசுவது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் உருப்பெற்ற ஆதாரக் கல்வியில் கைத்தொழில் பள்ளிக்குள் வருகிறது. நூற்பையோ நெசவையோ கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. கணக்கும் அறிவியலும் அத்தொழிலின் வழியே விளக்கப்பட வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே இராட்டையின் முன் அமர வேண்டும். அதன் நடைமுறைக் குறைகள் எவ்வாறாயினும், தொழிலைப் பிறப்பிலிருந்து பிரித்துப் பொதுவாக்கும் முயற்சி அதில் இருந்தது. 1953ஆம் ஆண்டுத் திட்டமோ தொழிலைப் பள்ளிக்கு வெளியே வைத்தது. ஆசிரியரின் இடத்தைத் தந்தை பெற்றார். தந்தையின் தொழில் எது என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிக்கவில்லை; பிறப்பு தீர்மானித்தது. பள்ளி விட்டுக்கொடுத்த இரண்டு மணி நேரத்தைச் சாதி எடுத்துக்கொண்டது என இதனைச் சுருங்கக் கூறலாம்.

தந்தையின் தொழிலே ஆசிரியர் என்றால் அத்தொழிலின் நலிவும் பாடத்தில் சேரும் என்பது அன்று போதிய கவனம் பெறாத மற்றொரு செய்தி. தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நாவல் வெளிவந்ததும் அதே 1953ஆம் ஆண்டில்தான். நூல் நெருக்கடியில் தறிகள் நின்று நெசவாளர் குடும்பங்கள் சிதைவதை அந்நாவல் காட்டுகிறது. நெசவாளியின் மகன் அரைநாள் தறியடியில் அமர்ந்து கற்க வேண்டும் என்று அரசு கூறிய காலத்தில், தறியே நின்றுகொண்டிருந்தது. இது இலக்கிய வரலாற்றின் தற்செயல் ஒற்றுமை மட்டுமன்று. கற்பிக்கும் பட்டறையின் பொருளியல் நிலை கற்றலின் தன்மையைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது சான்று. நலிந்த தொழிற்கூடத்திற்குத் தேவைப்படுபவர் மாணவர் அல்லர். கூலி குறைந்த கையாள். இன்றைய சிறுதொழிற்கூடங்களைப் பள்ளியோடு இணைக்க முனைவோரும் இச்செய்தியைக் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது.

‘உள்ளூர்’ என்னும் சொல்

தேசியக் கல்விக் கொள்கை 2020இன் பிரிவு 4.26, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பத்து நாள்கள் புத்தகப்பை இன்றி உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் போன்றோர் எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுகின்றனர். எத்தொழில்களை அறிமுகம் செய்வது என்பதை மாநிலங்களும் உள்ளூர்ச் சமூகங்களும் உள்ளூர்த் திறன் தேவைக்கேற்ப முடிவு செய்யலாம். இத்தகைய பயிற்சி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, விடுமுறை நாள்கள் உட்பட, தொடரலாம். தொழிற்கல்வி குறித்த பதினாறாம் பிரிவு, 2025ஆம் ஆண்டுக்குள் குறைந்தது 50 விழுக்காட்டினர் தொழிற்கல்வியின் அறிமுகம் பெற வேண்டும் என இலக்கு வைத்தது. இடைநிலைப் பள்ளிகள் தொழிற்பயிற்சி நிலையங்களோடும் உள்ளூர்த் தொழில்களோடும் கூட்டுச் சேர வேண்டும் என்றும் கூறுகிறது.

இங்குக் ‘குலம்’ என்ற சொல் எங்கும் இல்லை. தந்தையின் தொழில் என்ற நிபந்தனையும் இல்லை. தொழிற்கல்வி தாழ்ந்தது என்னும் சமூக மதிப்பீட்டைக் களைய வேண்டும் என்றே இக்கொள்கை பேசுகிறது. ஆகவே இதனை 1953இன் மறுபதிப்பு என ஒரே வரியில் முடித்துவிடுவது வாசிப்பில் நேர்மையாகாது. ஆயினும் 1953ஆம் ஆண்டுத் திட்டத்தில் ‘பெற்றோர்’ என்னும் சொல் இருந்த இடத்தில் இங்கு ‘உள்ளூர்’ என்னும் சொல் அமர்ந்துள்ளது. அச்சொல் தமிழ் மண்ணில் என்ன பொருள் தருகிறது என்பது ஆராயத்தக்கது.

தமிழில் ‘ஊர்’ என்பது வெறும் இடப்பெயர் அன்று. ‘ஊர்’ என்பதற்கு எதிரிணையாகச் ‘சேரி’ அல்லது ‘காலனி’ நிற்கிறது. ஊருக்குள்ளும் தெருக்கள் தொழிலாலும், தொழில்கள் சாதியாலும் பிரிக்கப்பட்டுள்ளன. கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், சிற்பி என்போர் கம்மாளர் என்னும் ஒரே சாதிப் பெயருக்குள் அடங்குவர். குயவர் என்பது தொழிலைக் குறிக்கும் சொல்லாக இருக்கும்போதே சாதியைக் குறிக்கும் சொல்லாகவும் உள்ளது. எனவே கொள்கை ஆவணம் ‘உள்ளூர் வல்லுநர்’ என நடுநிலையாகச் சொல்லும் சொல், ஒரு சிற்றூரில் இறங்கியதும் இன்ன தெருவில் இன்ன வீட்டைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. உள்ளூரில் யாரிடம் செல்வது என்பதை உள்ளூரே முடிவு செய்யும்போது, அம்முடிவில் ஊரின் பழைய ஏற்பாடு நுழையாது என்பதற்கு ஆவணத்தில் எவ்வகைக் காப்பும் சொல்லப்படவில்லை.

ஆவணம் தரும் எடுத்துக்காட்டுப் பட்டியலும் சிந்தனைக்குரியது. ‘போன்றோர்’ என்னும் சொல்லால் அது திறந்தே உள்ளது. எனினும் எடுத்துக்காட்டு என்பது கருத்தின் முகம். செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளர் ஆகியோர் அதில் இல்லை. இவர்களும் உள்ளூர்த் தொழில் வல்லுநர்களே. தோலின் தடிப்பறிந்து வெட்டுவதும், துணியின் சாயமறிந்து வெளுப்பதும் வேதியியலும் வடிவியலும் கலந்த அறிவுகளே. ஓர் ஊர்ப் பள்ளியின் ஏழாம் வகுப்பிலுள்ள எல்லாச் சாதி மாணவர்களையும் பத்து நாள்கள் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் மாணவராக அனுப்ப இயலுமா? அவ்வாறு அனுப்பினால் பெற்றோர் ஏற்பார்களா? அல்லது குறிப்பிட்ட சில மாணவர்கள் மட்டும் அங்கே அனுப்பப்படுவார்களா? ‘உழைப்பின் மாண்பு’ என்னும் தொடரின் உண்மையை அளக்க இதைவிட எளிய சோதனை இல்லை. காஞ்சா அய்லய்யா 2007இல் சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதிய, உழைப்பின் மாண்பைப் பேசும் நூல், தோல் பதனிடுவோர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் ஆகியோரின் அறிவை அறிவியலாகவே எல்லாக் குழந்தைகளுக்கும் முன்வைத்தது. அத்தகைய துணிவு கொள்கையின் பட்டியலில் காணப்படவில்லை.

கூளமாதாரி: ஒரே மேய்ச்சல் நிலம், இரு சிறுவர்கள்

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவர்களின் உலகைச் சித்திரிக்கும் நாவல். கூளையன் ஒரு கவுண்டரின் பண்ணையத்தில் ஆண்டுக்கூலிக்கு விடப்பட்டவன். அவனையொத்த சிறுவர்களும் சிறுமியும் பிற பண்ணையங்களில் அதே நிலையில் உள்ளனர். கவுண்டரின் மகன் செல்வன் ஏறக்குறைய அவன் வயதினன், பள்ளிக்குச் செல்பவன். இந்நாவல் சாதியக் கொடுமையின் ஆவணமாகவும், குழந்தைமையின் கொண்டாட்டமாகவும், வட்டார வழக்கின் வளமாகவும் பலவாறு வாசிக்கப்பட்டுள்ளது. கற்றல் என்னும் நோக்கில் வாசிக்கும்போது வேறொரு பரிமாணம் புலப்படுகிறது.

முதலாவது, கூளையனின் களம் அறிவு நிறைந்த களம். ஒவ்வோர் ஆட்டின் குணம், மேய்ச்சலின் பருவம், செடிகொடிகள், மழையின் வருகை, பனையின் பயன் ஆகியவை பற்றிய நுண்ணறிவு அச்சிறுவர்களிடம் உள்ளது. அதனை யாரும் வகுப்பெடுத்துக் கற்பிக்கவில்லை. வேலையினூடே, விளையாட்டினூடே, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கின்றனர். பணிவழிக் கல்வியை வலியுறுத்துவோர் விரும்பும் எல்லாக் கூறுகளும் இங்கு உண்டு. செய்து கற்றல், சூழலோடு இயைந்த கற்றல், உடனொத்தோரிடம் கற்றல் ஆகிய மூன்றும் அம்மேட்டுக்காட்டில் இயல்பாக நிகழ்கின்றன. நாவலாசிரியர் அவ்வறிவை இரக்கத்தோடு அன்றி வியப்போடு எழுதுகிறார். ஆகவே ‘வேலைக் களத்தில் கல்வி இல்லை’ என்னும் எளிய மறுப்புக்கு இந்நாவல் இடம் தருவதில்லை.

இரண்டாவது, அவ்வளவு அறிவும் கூளையனுக்கு எங்கும் செலாவணி ஆவதில்லை. அவனது கூலியைப் பெறுபவன் தந்தை. அவனது அறிவின் பயனைப் பெறுபவர் கவுண்டர். அவன் கற்றதற்குச் சான்று இல்லை; கற்றதைக் கொண்டு வேறிடம் செல்லவும் வழியில்லை. ஆண்டு முடிந்தால் அடுத்த ஆண்டிற்கும் அதே பண்ணையம். பிழை செய்தால் தண்டனை உண்டு. பள்ளித் தண்டனையிலிருந்து ஓடி வீட்டை அடையலாம். பண்ணையத் தண்டனையிலிருந்து ஓடினால் தந்தையே மீண்டும் கொண்டுவந்து விட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, இங்குதான் செல்வனின் இடம் முக்கியமாகிறது. பள்ளி இல்லாத வேளைகளில் செல்வன் இச்சிறுவர்களோடு சேர்கிறான். அவனும் அதே காட்டில் நிற்கிறான். அதே ஆடுகளைப் பார்க்கிறான். இன்றைய சொல்லில் கூறினால், செல்வனே ‘புத்தகப்பை இல்லா நாளின்’ மாணவன். அவன் விரும்பியபோது வந்து, விரும்பியபோது போகலாம். காடு அவனுக்கு அனுபவம், கூளையனுக்கு ஆயுள். ஒரே மேய்ச்சல் நிலத்தில் ஒருவனுக்குக் கல்வியாக அமைவது மற்றவனுக்குக் கொத்தடிமையாக அமைகிறது. களம் மாறவில்லை, தொழில் மாறவில்லை, கற்கும் முறையும் பெரிதும் மாறவில்லை. மாறியிருப்பது வெளியேறும் உரிமை ஒன்றே.

முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கான விடையை இந்நாவல் இவ்வாறு தருகிறது. தொழில் பழகுதலையும் உழைப்புச் சுரண்டலையும் பிரிக்கும் கோடு வேலையின் தன்மைக்குள் இல்லை. கற்பவர் களத்தை விட்டு நீங்க முடியுமா, நீங்கும்போது எதை எடுத்துச் செல்ல முடியும் என்னும் இரண்டு கேள்விகளுக்கு இடையே அக்கோடு ஓடுகிறது.

பெயரிடலின் அரசியல்

புனைவு காட்டும் இவ்வுண்மையைத் தமிழ்நாட்டின் அண்மைக்காலத் தொழில் வரலாறும் உறுதி செய்கிறது. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ எனப்பட்ட முறையில் வளரிளம் பெண்கள் ஏறக்குறைய மூன்றாண்டுக் காலத்திற்குச் சேர்க்கப்பட்டனர். அவர்கள் தொழிலாளர்கள் எனப்படவில்லை, பயிற்சியாளர்கள் எனப்பட்டனர். காலம் முடிந்தபின் ஒரு மொத்தத் தொகை தரப்படும். அது திருமணச் செலவுக்கு ஆகும் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. இடையில் விலகினால் அத்தொகையை இழக்கும் நிலை இருந்தது. இயந்திரத்தில் கை பழகச் சில மாதங்களே போதும் என்ற நிலையில், ‘பயிற்சி’ என்னும் சொல் மூன்றாண்டுகளுக்கு நீண்டது. பயிற்சி என்ற பெயரும் இறுதியில் தரும் தொகையும் சேர்ந்து வெளியேறும் வழியை அடைத்தன. பள்ளி வளாகத்தோடு தொழிற்கூடத்தை இணைக்கும் எந்தக் கொள்கையும் இந்த முன்னனுபவத்தைக் கடந்து செல்ல முடியாது.

சட்டங்களின் நிலையும் இங்கு நோக்கத்தக்கது. தொழில் பழகுநர் சட்டம் 1961 ஒப்பந்தம், உதவித்தொகை, குறைந்தபட்ச வயது ஆகியவற்றை வரையறுக்கிறது. ஆனால் அச்சட்டத்தின்படி ஒப்பந்தம் செய்துகொண்டவருக்கே அக்காப்பு உண்டு. பள்ளி அனுப்பும் ஏழாம் வகுப்பு மாணவர் அதற்குள் வருவதில்லை. மறுபுறம், 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்குகிறது. ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம் என விலக்களிக்கிறது. குடும்பத் தொழில் என்பது இந்தியச் சூழலில் பெரும்பாலும் சாதித் தொழில். 1953இல் அரசாணையாக வந்து தோற்ற கருத்து, 2016இல் ஒரு விலக்குக் கூறாகச் சட்டத்திற்குள் அமைதியாக இடம்பெற்றுள்ளது. இதற்கு அருகில் ‘விடுமுறையிலும் உள்ளூர்ப் பயிற்சி’ என்னும் கல்விக் கொள்கையின் வரியை வைத்து வாசிக்கும்போது, இரண்டுக்கும் இடையே நிற்கும் மாணவரை எந்தச் சட்டம் காக்கும் என்னும் ஐயம் எழுகிறது.

செர்மனியின் எண்ணும் செர்மனியின் விதியும்

கல்விக் கொள்கையின் பதினாறாம் பிரிவு தன் வாதத்திற்குச் சில எண்களைத் துணைக்கொள்கிறது. 19 முதல் 24 வயதுக்குட்பட்ட இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றோர் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. அமெரிக்காவில் 52, செர்மனியில் 75, தென் கொரியாவில் 96 விழுக்காடு என அது ஒப்பிடுகிறது. ஒப்பீடு வலிமையானதே. ஆனால் செர்மனியின் எண்ணை எடுத்துக்கொண்ட ஆவணம், அவ்வெண்ணைத் தாங்கி நிற்கும் விதிகளை எடுத்துக்கொள்ளவில்லை.

செர்மனியின் தொழிற்பயிற்சிச் சட்டம் 1969ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. அதன்படி பயிற்சி தரும் நிறுவனம் எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். பயிற்சி நோக்கத்திற்கு உதவுவதும் உடல் வலிமைக்கு ஏற்றதுமான வேலைகளை மட்டுமே பயிற்சி பெறுபவருக்குத் தரலாம். தொழிற்பள்ளிக்குச் செல்லும் நேரத்திற்கு அவரை விடுவிக்க வேண்டும். ஆண்டுதோறும் உயரும் உதவித்தொகை தர வேண்டும். பயிற்றுநருக்கு ஆளுமைத் தகுதியும் தொழில் தகுதியும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்று முதல் நான்கு மாதங்கள் வரை தேர்வுநிலைக் காலம் உண்டு. அது முடிந்த பின்னரும், அத்தொழிலையே கைவிடவோ வேறு தொழிலைக் கற்கவோ விரும்பினால் நான்கு வார முன்னறிவிப்போடு பயிற்சி பெறுபவர் விலகலாம். தேர்வை நடத்திச் சான்று வழங்குவது பயிற்சி தந்த கடை உரிமையாளர் அல்லர். அதற்கெனத் தனி அமைப்பு உண்டு.

பதின்ம வயதின் பிற்பகுதியில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீளும் செர்மானிய முறையையும், ஏழாம் வகுப்பு மாணவரின் பத்து நாள் அறிமுகத்தையும் நேர்நிறுத்தி ஒப்பிடுவது பொருந்தாது எனலாம். அது உண்மையே, ஆனால் ஒப்பீட்டை முதலில் தொடங்கியது கொள்கை ஆவணமே. மேலும், குறுகிய காலப் பயிற்சிக்கும் இவற்றுள் சில பொருந்தும். மாணவருக்கு எவ்வேலையைத் தரலாம், எதைத் தரக்கூடாது என்பது பத்து நாளுக்கும் தேவை. இயந்திரத்தில் விரல் சிக்க ஒரு நொடி போதும். ‘இங்கு எனக்கு வேண்டாம், வேறிடம் அனுப்புங்கள்’ என்று மாணவர் சொல்லும் உரிமையும் பத்து நாளுக்குத் தேவை. தேநீர் வாங்கிவரச் செல்லும் சிறுவனின் வேலை பயிற்சி நோக்கத்திற்கு உதவுவதா என்னும் கேள்விக்குச் செர்மானிய விதியில் தெளிவான விடை உண்டு. நம் ஆவணத்தில் கேள்வியே இல்லை.

மறுப்பின் எல்லை

தமிழ்நாட்டின் அரசியல் சொல்லாடல் பிறப்புவழித் தொழிலைத் தொடர்ந்து மறுத்து வந்துள்ளது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் விண்ணப்பதாரர் குடும்பவழித் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கவும், குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35ஆக உயர்த்தவும் தமிழ்நாடு அரசு கோரியது. அது ஏற்கப்படாத நிலையில் 2024 நவம்பரில் முதலமைச்சர் அத்திட்டத்தை இப்போதைய வடிவில் செயல்படுத்த இயலாது எனக் கடிதம் எழுதினார். சாதி அடிப்படையற்ற தனித் திட்டம் ஒன்றும் மாநிலத்தில் உருவாக்கப்பட்டது. வயதை உயர்த்தக் கோரியதன் உட்பொருள் ஆழமானது. பதினெட்டு வயதில் தந்தையின் தொழிலுக்குக் கடன் தருவது கல்லூரி வாயிலிலிருந்து ஒருவரைத் திருப்புவதாகலாம். முப்பத்தைந்து வயதில் தருவது அவர் தேர்ந்துகொண்ட வாழ்வுக்குத் துணையாகலாம். வெளியேறும் வாய்ப்புகள் யாவும் திறந்திருந்த பின்னரே உள்ளே இருப்பது விருப்பம் எனப்படும் என்னும் நுட்பமான கருத்து அதில் உள்ளது.

இம்மறுப்பு தேவையானது. ஆயினும் அது மட்டும் போதுமா என்பது வினாவிற்குரியது. கோத்தாரி ஆணையம் (1964–66) பணி அனுபவத்தைப் பொதுக்கல்வியின் இன்றியமையாக் கூறாக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்கல்விப் பிரிவும் உடன் வந்தது. ஆதலின் கைத்தொழில் கல்வியே தமிழ்நாட்டிற்கு வேண்டாத ஒன்றாக இருந்ததில்லை. ஆனால் ஆய்வுலகிலும் மேடையிலும் ‘குலக்கல்வி’ என்னும் சொல்லே முடிவான தீர்ப்பாகிவிடும்போது, விவாதம் அத்தோடு நின்றுவிடுகிறது. குலத்தொழில் அல்லாத ஒரு பட்டறையில், சாதி வேறுபாடின்றிச் சேர்க்கப்பட்ட மாணவருக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராயும் கருவிகள் நம்மிடம் வளரவில்லை. நூற்பாலைக்குச் சென்ற பெண்கள் குலத்தொழிலுக்குச் செல்லவில்லை. ஆயினும் அவர்கள் வெளியேற முடியவில்லை. பிறப்பு பூட்டிய கதவைத் திறந்துவிட்டால் போதாது. கடனும் வறுமையும் ஒப்பந்தமும் பூட்டும் கதவுகளையும் காண வேண்டும்.

அதோடு, மறுப்பு மட்டுமே நிலைப்பாடாகும்போது, கைத்தொழிலறிவு பள்ளிக்குள் நுழையும் வழியும் அடைபடுகிறது. கூளையனின் மேய்ச்சலறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. அவ்வறிவு இழிவு என்பதால் இல்லையா, அல்லது அதனை மதிக்கும் முறை நமக்குத் தெரியாததால் இல்லையா? கூளையனை மேய்ச்சலிலிருந்து விடுவிப்பதும், மேய்ச்சலறிவைச் செல்வனின் வகுப்பறைக்குக் கொண்டுவருவதும் முரண்பட்ட செயல்கள் அல்ல. முதலாவதைச் செய்தால்தான் இரண்டாவது பெருமையாகும்.

முடிவுரை

மேற்கண்ட வாசிப்பால் பெறப்படுவன பின்வருமாறு.

1953ஆம் ஆண்டுத் திட்டத்தின் அடிப்படைக் குறை, கற்பிக்கும் இடத்தைப் பள்ளியிலிருந்து பிறப்புக்கு மாற்றியதே ஆகும். தேசியக் கல்விக் கொள்கை 2020 பிறப்பைக் கூறவில்லை. எனினும் அது கையாளும் ‘உள்ளூர்’ என்னும் சொல், தமிழ்ச் சிற்றூரின் அமைப்பில் பிறப்பை மீண்டும் உள்ளே கொண்டுவரும் வாய்ப்பைக் கொண்டுள்ளது.

‘கூளமாதாரி’ ஒரே களத்தில் இரு சிறுவர்களை நிறுத்துவதன் மூலம் கல்விக்கும் கட்டாய உழைப்புக்கும் உள்ள வேறுபாடு வெளியேறும் உரிமையில் தங்கியுள்ளது என உணர்த்துகிறது. இவ்வுண்மையைக் கொள்கை ஆவணங்களைவிடப் புனைவு தெளிவாகக் கண்டுள்ளது.

பள்ளியும் பட்டறையும் சேரும் எந்த ஏற்பாட்டையும் மதிப்பிட ஐந்து கேள்விகளை அளவுகோலாகக் கொள்ளலாம். தொழிலைத் தேர்ந்தவர் யார்? எல்லா மாணவர்களும் எல்லாத் தொழில்களுக்கும் செல்கின்றனரா? தரப்படும் வேலை கற்றலுக்கு உதவுகிறதா? கற்றதற்கான சான்றை வழங்குபவர் அவ்வுழைப்பால் பயன்பெறாதவரா? மாணவர் காரணம் கூறாமல் விலகலாமா? இவற்றுள் இறுதிக் கேள்விக்கு எழுத்து வடிவில் விடை தராத ஏற்பாடு, எத்துணை நல்ல நோக்கத்தோடு தொடங்கினும், கூளையனின் காட்டைச் செல்வனின் காடு எனப் பெயரிட்டு அழைப்பதாகவே முடியும்.